பச்சைப் பொட்டு வைத்த பிட்

மாடசாமி ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. நாற்பது வயது. தென்காசியில் சொந்தமாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். அவன் போன மாதம் எங்கள் தச்சர்களின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஒரு படம் அனுப்பினான். பிளாஸ்டிக் பெட்டிக்குள் தங்க நிறத்தில் பளபளவென்று இருபத்தைந்து டிரில் பிட்டுகள். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணாச்சி, மொத்த செட்டும் ஒரு பிரியாணி விலைக்கு வருது. மரத்துக்கு ஆவும்லா? வாங்கிரட்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்காதே என்று ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசி அனுப்பினேன். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டான். குழுவில் இருக்கும் மற்ற தச்சர்கள், அண்ணாச்சி ரிட்டயர் ஆகி மூன்று வருடமாகியும் கோபம் ரிட்டயர் ஆகவில்லை என்று கேலி செய்தார்கள். ஒருவர் மட்டும், திட்டாமல் எழுதித் தந்தால் படிக்கிறோம் என்றார். எழுதுகிறேன். திட்டாமல் எழுத வருமா என்று தெரியவில்லை.

நான் தச்சன் இல்லை. சிவகிரியில் மாமா பட்டறையில் ஆறு வருடம் இழைப்புளி தள்ளினேன். கை வராது என்று மாமாவே சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் இருந்த ஒரு கதவு ஜன்னல் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான். திருகாணி, கீல், பசை, உப்புத்தாள், ரம்பத் தகடு எல்லாம் என் கை வழியாகத்தான் பட்டறைக்குள் போகும். முப்பது பேர் என்ன பிட் போட்டுத் துளைக்கிறார்கள் என்பதை நான்தான் முடிவு செய்தேன். அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் ஒரு பெண்ணின் கை முறிந்திருக்காது.

எனக்கு மேலே இருந்தவர் காதர் பாய், தொழிற்சாலையின் மேனேஜர். வளைகுடா நாட்டில் பதினாறு வருடம் மர வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைச் சட்டை, மேல் பையில் ஒரு ஆறங்குல ஸ்கேல். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தவன் முன்னால் போய் நிற்பார், அவன் பேசும்வரை நிற்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம் என்று இருக்கும்.

அவர் வந்த முதல் வாரத்தில் என் ஸ்டோரில் இருந்த பிட்டுகளை எல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார். ஒரு வாளி நிறைய இருந்தது. சுவர் துளைக்கும் பிட், இரும்பு துளைக்கும் பிட், மரத்துக்கானது எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இதில் மரத்துக்கானது எது என்று கேட்டார். எல்லாம் துளை போடும் பாய் என்றேன். அவர் இரும்பு பிட் ஒன்றை எடுத்து மெஷினில் மாட்டி, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, தேக்கில் இறக்கினார். பிட் புள்ளியில் நிற்காமல் மரத்தின் ரேகை வழியே வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இறங்கியது. துளையின் வாய் நாய் கடித்தது மாதிரி பிய்ந்திருந்தது. அடுத்து, தன் பெட்டியிலிருந்து ஒரு பிட் எடுத்தார். அதற்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு மூக்கு, இரண்டு ஓரத்திலும் கத்தி மாதிரி இரண்டு பல். மூக்கு புள்ளியில் குத்தி நின்றது, பற்கள் முதலில் வட்டத்தை வெட்டின, பிறகுதான் நடுவில் இருந்த மரம் சுருள் சுருளாக வெளியே வந்தது. துளையின் வாய் தட்டில் வைத்த காசு போல இருந்தது.

மரத்துக்குப் பிட் வாங்குவதில் பாதி விஷயம் இவ்வளவுதான். மூக்கு இருக்கிறதா, இரண்டு பல்லும் ஒரே உயரமா, நேராக இருக்கிறதா. இதைப் பார்க்காமல் தங்க நிறத்தைப் பார்க்கிறீர்கள். அந்த நிறம் நல்ல பிட்டில் உண்மையான பூச்சாக இருக்கும், மட்டமான பிட்டில் வெறும் சாயம். பத்துத் துளை போட்டால் சாயம் போய்விடும், அடியில் கெட்டியில்லாத இரும்பு பல்லை இளிக்கும். ஓரத்தில் சின்ன அரத்தை வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் நல்ல உருக்கு. அரம் கடித்தால் அதைக் கடைக்காரன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேக்கில் இறக்கும்போது சுருள் வர வேண்டும். மாவு மாதிரித் தூள் வந்து, கருகிய வாடை அடித்தால், அது மரத்தை வெட்டவில்லை, தேய்த்துத் தேய்த்துச் சுடுகிறது. இருபத்தைந்து பிட் உள்ள பெட்டியில் உங்களுக்கு என்றைக்கும் வேண்டியது நாலோ ஐந்தோதான்: திருகாணிக்கு மூன்று எம்.எம்., முளை என்கிற மர ஆணிக்கு எட்டும் பத்தும் பன்னிரண்டும், அலமாரிக் கீலுக்கு முப்பத்தைந்து. அந்த ஐந்தை ஒற்றை ஒற்றையாக நல்லதாக வாங்கினால், தீட்டித் தீட்டி வருடக்கணக்கில் ஓட்டலாம். மிச்சம் இருபதுக்கு நீங்கள் கொடுப்பது பெட்டியின் அழகுக்கு.

காதர் பாய் எனக்கு ஒரு முறையை எழுதிக் கொடுத்தார். புது பிட் எது வந்தாலும் அதைப் பட்டறைக்குக் கொடுக்கும் முன் மூன்று சோதனை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பிட்டின் தண்டை வைத்து, மூக்கு விளிம்புக்கு வெளியே நிற்கும்படி விரலால் உருட்ட வேண்டும். நேரான பிட் சத்தம் இல்லாமல் போகும், மூக்கு அசையாது. வளைந்தது நொண்டும், மூக்கு மேலும் கீழும் ஆடும். அடுத்து வெர்னியர் அளவுகோல் வைத்து, பொறித்திருக்கும் அளவும் உண்மையான அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு கட்டைத் துண்டில் துளை போட்டு முளையைச் செருக வேண்டும். இரண்டு மரங்களை இணைக்க நடுவில் அடிக்கும் உருண்டை மர ஆணியைத்தான் முளை என்கிறோம். அது துளையில் தானாக விழக்கூடாது, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டித்தான் இறங்க வேண்டும். மூன்றிலும் தேறினால் தண்டில் ஒரு பச்சைப் பெயிண்ட் பொட்டு வைப்பேன். பச்சைப் பொட்டு இல்லாத பிட்டைப் பட்டறையில் யாரும் தொடமாட்டார்கள். பச்சைப் பொட்டு இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு மெஷினில் மாட்டுவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மாடி வராந்தா முழுவதும் மரக் கைப்பிடி செய்யும் வேலை வந்தது. அயினி மரம். மேலே ஒரு நீளக் கட்டை, கீழே ஒரு நீளக் கட்டை, நடுவில் கடைந்த சின்னத் தூண்கள். எல்லாமே முளை போட்டு ஒட்ட வேண்டும், இரும்பு வெளியே தெரியக்கூடாது என்று லாட்ஜ்காரர் சொல்லிவிட்டார். சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழ ஆரம்பிக்கும் முன்னால் முடித்தாக வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் சீசனில் மாடி அறைகளை வாடகைக்கு விட முடியாது. காதர் பாய் அந்த நேரம் பார்த்து மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் போயிருந்தார்.

பெரிய முதலாளி படுத்த படுக்கை ஆகி, தொழிற்சாலை அவர் மகன் கைக்கு வந்திருந்த சமயம் அது. சின்ன முதலாளிக்கு மரம் தெரியாது, விலை தெரியும். நாங்கள் ஒரு பிட் வாங்கும் விலைக்கு மூன்று தருகிறான் என்று எங்கிருந்தோ ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பன்னிரண்டு எம்.எம். பிட் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் கண்ணாடித் துண்டை எடுத்துத் துடைத்தேன். மேலே இருந்த ஆறை உருட்டினேன். ஆறும் நேராக இருந்தன. ஏழாவதை எடுத்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணா உருட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா சீசனே முடிஞ்சிரும். ஆறு நல்லா இருக்குல்லா, மத்தது மட்டும் கெட்டா போயிருக்கும்?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் என்னை வேலையை விட்டுத் தூக்கியிருக்க மாட்டார். கொஞ்சம் முறைத்திருப்பார், அவ்வளவுதான். அந்த முறைப்புக்குப் பயந்து நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, மிச்சம் இருந்த அத்தனைக்கும் வரிசையாகப் பச்சைப் பொட்டு வைத்தேன்.

கைப்பிடி வேலை சுப்பையாவிடம் போனது. இலஞ்சிக்காரர். எங்கள் பட்டறையில் அவரைவிடச் சுத்தமான கை கிடையாது. பேச்சு குறைவு. என் வயதுதான் என்பதால் எனக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் வே, நீரு, உம்ம என்றுதான் பேச்சு. வேலை தொடங்கிய இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். கையில் ஒரு தூண், அதன் துளையில் ஒரு முளை. தூணைக் கவிழ்த்தார். முளை தானாகக் கீழே விழுந்தது.

வேறு பிட் இருந்தால் கொடும் என்று கேட்டார். எல்லாம் அதே பெட்டிதான், பச்சைப் பொட்டு வைத்ததுதான் என்றேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் முறையில் குறை சொல்ல வந்திருக்கிறாரே என்ற எரிச்சல், குறை இருக்கிறது என்று உள்ளுக்குள் தெரிந்த எரிச்சல்.

"தூளும் பசையும் குழைச்சி உள்ள வச்சி அடியும்வே. பெயிண்ட் அடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது" என்றேன்.

இது எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம்தான். இணைப்பு கொஞ்சம் இடைவெளி விட்டால் மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைப்போம். அலமாரிக்குச் சரி, மேஜை இழுப்பறைக்குச் சரி. மாதக்கணக்கில் சாரல் அடிக்கும் ஊரில், ஆள் சாய்ந்து நிற்கும் மாடிக் கைப்பிடிக்கு அதைச் செய்யலாமா? ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும், தூள் ஊறிக் கஞ்சியாகும். சுப்பையாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பச்சைப் பொட்டு வைத்தவன் சொல்லும்போது ஒரு தச்சன் எவ்வளவு நேரம்தான் எதிர்த்து நிற்பான்? தூணை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கைப்பிடி சொன்ன நாளில் முடிந்தது. லாட்ஜ்காரர் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சின்ன முதலாளி எனக்கே ஒரு பெட்டி அல்வா வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சீசன் நடுவில், நல்ல சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் பேச்சியம்மாள் நனைந்த போர்வைகளைக் கைப்பிடி மேல் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், ஒல்லியான உடம்பு. கட்டையில் வயிற்றை வைத்துச் சாய்ந்து போர்வையை முறுக்கியபோது, கட்டை சுவர்த்தூணோடு சேரும் இடத்தில் முளை இரண்டும் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டன. கட்டையோடும் போர்வையோடும் கீழே டீக்கடையின் தகரக் கூரை மேல் விழுந்தார். கூரை தாங்கியதால் உயிர் தப்பியது. இடது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது, இடுப்பில் பலத்த அடி.

காதர் பாய் வேனை எடுத்துக்கொண்டு தானே போய் உடைந்த கட்டையையும் தூண்களையும் கொண்டுவந்தார். பட்டறை நடுவில் இருந்த பெரிய மேஜையில் வைத்தார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் சுற்றி நின்றோம். கட்டையின் நுனியில் துளை இருந்த இடத்தைப் பிடிப்பானில் இறுக்கி, கை ரம்பத்தால் துளையை நீளவாக்கில் பாதியாகப் பிளக்க ஆரம்பித்தார். அயினி கெட்டி மரம், கால் மணி நேரம் ஆனது. வேறு யாரும் ரம்பத்தை வாங்க முன்வரவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பிளந்து இரண்டு பாதியையும் மல்லாத்தி வைத்தார். துளையின் சுவர் நேராக இல்லை. நடுவில் வயிறு வைத்தது மாதிரி அகன்றிருந்தது. அந்த வயிறு முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஈரத் தூள். காதர் பாய் ஸ்கேல் முனையால் அதைச் சுரண்டினார், சோறு மாதிரி வந்தது.

சின்ன முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. "தூளை அடைச்சி ஏமாத்திருக்கான், பாத்தீங்களா" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

சுப்பையா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் வெர்னியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எதற்காக என் கையில் இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. காதர் பாய் என் முன்னால் வந்து நின்று, ஸ்டோரிலிருந்து போன பிட் சரியாகத்தானே இருந்தது என்று கேட்டார்.

"பச்சைப் பொட்டு வச்சதுதான் பாய்" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. சுப்பையா வாயைத் திறக்கவில்லை. ஸ்டோர் அண்ணாச்சிதான் அடைக்கச் சொன்னார் என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். உளிகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து, ஸ்டோர் சாமான்களை ஜன்னலில் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். பன்னிரண்டு எம்.எம். பிட்டையும் வைத்தார். சரிபார்த்து வாங்கிக்கொண்டேன்.

சின்ன முதலாளி மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் மரம் தெரியாதவர். தெரிந்தவன் நான். மரம் தெரியாதவன் மலிவைப் பார்த்து ஏமாறுவான், அதைத் தடுக்கத்தான் என்னை மாதிரி ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் காதர் பாய் ஸ்டோருக்கு வந்தார். என்னைக் கேட்காமல் அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். சுப்பையா திருப்பிக் கொடுத்த பிட்டைத் தேடி எடுத்து, தண்டைக் கண்ணாடியில் வைத்து விரலால் உருட்டினார். டக், டக் என்று நொண்டியது. மூக்கு ஆடியது. மறுபடி உருட்டினார். பிறகு அட்டைப்பெட்டியில் மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக உருட்டினார். நேரானதை ஒரு பக்கம், நொண்டியதை ஒரு பக்கம் வைத்தார். நொண்டிப் பக்கம்தான் பெரிதாக இருந்தது. எல்லாவற்றிலும் பச்சைப் பொட்டு.

"நீங்க எத்தனையை உருட்டினீங்க?"

"ஆறு, பாய்."

"சுப்பையா தானா தூள் அடைக்கிறவர் இல்லை. அடைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். எங்கே கறை இருந்தது என்று தெரியவில்லை, ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு அந்த வளைந்த பிட்டை என் கையில் கொடுத்தார். "இலஞ்சிக்குப் போங்க. அவர் சம்சாரமும் இருக்கும்போது சொல்லுங்க. திரும்ப வேலைக்கு வரணும்னும் கேளுங்க. நான் லாட்ஜுக்குப் போறேன்" என்றார்.

அவர் போய், தப்பு தச்சனுடையது இல்லை, எங்கள் தொழிற்சாலையுடையது என்று தன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்காகச் சின்ன முதலாளி அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். அடுத்த வருடம் காதர் பாய் வேலையை விட்டார். நான் விடவில்லை. எனக்கு நாற்காலி வேண்டியிருந்தது.

அன்றைக்கு இலஞ்சிக்குப் போகும் முன்னால் தென்காசி ஆஸ்பத்திரியில் இறங்கிப் பேச்சியம்மாளைப் பார்த்தேன். நான் யார் என்று சொன்னேன். கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான்தான்யா கூடக் கொஞ்சம் சாஞ்சிட்டேன். போர்வை அம்புட்டு கனம்லா" என்றார். தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். முளை, பிட், பச்சைப் பொட்டு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது பெரியவர்கள் சமாச்சாரமாகத் தெரிந்தது. அந்தக் கை பிறகு ஒரு துணியைக்கூடப் பிழிய உதவவில்லை, லாட்ஜ் வேலை போனது. சின்ன முதலாளி மலிவாக வாங்கியதாகப் பெருமைப்பட்ட பிட்டின் உண்மையான விலை அது.

இலஞ்சியில் சுப்பையா தன் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய கட்டில் காலைச் சீவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெளியே வந்து, வாங்க என்று சொல்லிவிட்டு நின்றார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். பிட்டை உருட்டாதது, பொட்டு வைத்தது, தூள் அடைக்கச் சொன்னது, மேஜை முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்து, "இதை ஏன் நீங்க அன்னைக்கே சொல்லலை? மூணு நாளா நான் கோயிலுக்குப் போற தெருவ மாத்திப் போயிட்டு இருக்கேன்" என்றார்.

"தூளை அடைச்சது என் கைதானே" என்றார் சுப்பையா. பிறகு என்னிடம் கையை நீட்டினார். பிட்டைக் கொடுத்தேன். கட்டில் காலை நகர்த்திவிட்டு, சிமெண்டுத் தரையில் பிட்டை வைத்து விரலால் உருட்டினார். டக், டக் என்றது. கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

"இதை உருட்டிப் பாக்க எவ்வளவு நேரம்வே ஆவும்?"

"ஒரு நிமிசம்கூட ஆவாது" என்றேன்.

பிட்டை என் சட்டைப்பையில் அவரே வைத்தார். இது உம்மகிட்டயே இருக்கட்டும் என்றார். மேனேஜர் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். வரமாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒருவர் பொட்டு வைத்ததை நம்பி இனிமேல் துளை போட முடியாது, தானே வாங்கித் தானே உருட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்படியே செய்தார். இலஞ்சியிலேயே தனியாகக் கட்டில், கதவு செய்து பிழைத்தார். அவர் இறக்கும்வரை வழியில் பார்த்தால் என்னோடு பேசுவார், முன்பு மாதிரிதான், வே போட்டுத்தான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்தப் பிட் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பச்சைப் பொட்டு இன்னும் உரியவில்லை. மட்டமான பிட்டில் நல்ல பெயிண்ட்.

இவ்வளவையும் எழுதி முடித்து, குழுவில் போடலாம் என்று போனைத் திறந்தேன். மாடசாமியிடமிருந்து புதிதாக ஒரு குரல் பதிவு வந்திருந்தது. செட்டை வாங்கிவிட்டானாம். இலத்தூரில் ஒரு வீட்டில் மாடிப்படிக்கு மரக் கைப்பிடி போட்டுக்கொண்டிருக்கிறானாம். வேலை ஓடுகிறதாம். கடைசியில் இப்படிக் கேட்டிருந்தான்: "ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. முளை கொஞ்சம் லூசா உக்காருது. தூளும் பசையும் போட்டு அடைச்சிக்கிடலாம்லா?"

அடைக்காதே என்று பதில் அனுப்பினேன். அழைத்தேன், எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. கண்ணாடித் துண்டைத் துணியில் சுற்றி, இழுப்பறையிலிருந்த பிட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இலத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மனைவியிடம் கேட்டேன். இப்போது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டுதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.